அடையாளம் தெரியாத பெண், 1979

முப்பதாவது விநாடியில் கலாநிதி சுபோதினியின் விரல் இறங்கும், பாட்டு அறுந்துபோகும். "காணும், ஆக்களுக்கு விளங்கியிட்டுது" என்பார். என்ன விளங்கியது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் அவரைப் பேசக் கூப்பிடாத தமிழ்க் கூட்டம் இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணைய ஆய்வுக் களஞ்சியத்துக்குள் நுழைய அவரிடம் கடவுச்சொல் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் வேறெவரிடமும் அது இல்லை என்பதே அவருடைய புலமையில் பாதி. அங்கிருந்து படங்களையும் ஒலிப்பதிவுகளையும் இறக்கி, எந்தத் தலைப்பானாலும் உரைக்குள் செருகிவிடுவார். "வெறும் பேச்செண்டால் சனம் நித்திரை கொண்டிடும். மல்டிமீடியா போட்டால்தான் ரிசேர்ச்." போன மாசியில் பெண்கல்வி பற்றிப் பேசும்போது திரையில் தேயிலை அரைக்கும் இயந்திரம் சுழன்றது. "இயக்கம்!" என்றார். கைதட்டினார்கள்.

அவருக்கு மிகப் பிடித்தது ஒரு மலையகத் தாலாட்டு. 'பாடியவர்: அடையாளம் தெரியாத பெண், 1979' என்கிறது களஞ்சியம். அந்த வரியை வாசிக்கும்போது அவர் குரல் தழுதழுக்கும். ஒத்திகை பார்த்த தழுதழுப்பு.

இந்த முறை மண்டபத்தில் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பாக ஒரு புது ஆள் நின்றார். இராமர், கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவர், வயது ஐம்பதை நெருங்கும். கூட்டத்துக்கு முன் சத்தம் சரிபார்க்கச் சுபோதினி தாலாட்டைப் போட்டார். விரல் இறங்கப் போனது.

"நிப்பாட்டாதீங்க மேடம். அது எங்கம்மா."

"இராமர், அடையாளம் தெரியாது எண்டு வடிவாப் போட்டிருக்கே."

"எனக்குத் தெரியுதுங்களே. ஓட விடுங்க."

மூன்று வருடமாக மேடைக்கு மேடை போட்ட பாட்டின் மிச்சத்தைச் சுபோதினி அன்றைக்குத்தான் கேட்டார். இரண்டாவது நிமிடத்தில் ஒரு குழந்தை அழுதது. பாடியவள் பாட்டை விட்டுவிட்டு அதட்டினாள்: "அடேய் ராமரு, சும்மா கெட. அய்யா பாட்டுப் புடிக்கிறாருல்ல."

இராமர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார். "லெச்சுமாயி. எனக்கு எட்டு வயசுல செத்துப்போச்சு. ஒரு போட்டோகூடக் கெடையாது. இத என் போன்ல போட்டுத் தர ஏலுமா, மேடம்?"

சுபோதினிக்கு உடம்பு சிலிர்த்தது. கண்டுபிடிப்பல்லவா! "அது ஏலாது. கொப்பிரைட் பிரச்சினை. வெளியில குடுத்தால் என்ர எக்கவுண்டை மூடிப்போடுவினம். நீர் பேரை ஒருக்கா எழுத்துக்கூட்டிச் சொல்லும்."

அங்கேயே களஞ்சியத்தின் திருத்தப் பெட்டியைத் திறந்து தட்டினார். பாடியவர், லெச்சுமாயி. அடையாளம் கண்டவர், கலாநிதி சுபோதினி. இராமரின் பெயரையும் போடலாமா என்று ஒரு கணம் யோசிக்காமலில்லை. ஆனால் அந்தப் படிவத்தில் 'கலாநிதி' போன்ற பட்டத்துக்கென்று ஒரு கட்டம் இருந்தது. இராமரிடம் அதை நிரப்ப ஒன்றுமில்லையே.

ஆறு மணிக்கு மண்டபம் நிறைந்தது. அன்று அவர் பாட்டை நிறுத்தவில்லை. குழந்தை அழும் இடம்வரை ஓடினால்தானே சனம் கண் கலங்கும்! அதுவரை சும்மா இருக்கவும் முடியவில்லை, லெச்சுமாயியின் குரலுக்கு மேலாலேயே பேசத் தொடங்கினார்: "இந்தப் பெண்ணுக்கு ஒரு பேர் தேடிக் குடுத்தது நான்தான்..."

மண்டபத்தின் பின்பக்கம் ஒலிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு முன்னால் இருந்த இராமர், மேடை மைக்கின் சத்தத் திருகைப் பூச்சியம்வரை இறக்கிவிட்டு, பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்.