மூன்றாவது வேட்டு

எங்கள் ஊரைத் தீவு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஆற்றில் மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆனால் ஒரு பக்கம் வைப்பாறு, மறுபக்கம் அதில் வந்து சேரும் ஓடை. இரண்டிலும் தண்ணீர் வந்தால் தரைப்பாலம் மூழ்கிவிடும். வெளியே போக வேறு வழி கிடையாது.

எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறை வெடித்துச் சுவர் என்மேல் சரிந்த நாளிலிருந்து கட்டிலும் சக்கர நாற்காலியும்தான். தங்கையும் அவள் புருஷனும் என்னைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை கொத்தனார். தங்கை பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கம்பெனியில் திரி வைக்கப் போவாள். நான் படுத்த இடத்திலிருந்தே இருவரையும் அதிகாரம் செய்வேன்.

ஒருமுறை சூலக்கரை கலெக்டர் ஆபீஸிலிருந்து அதிகாரிகள் வந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நடக்க முடியாதவர், கண் தெரியாதவர், பிள்ளைத்தாய்ச்சி எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு பேர் பொறுப்பு என்றார்கள். வெள்ளம் வருகிறது என்று தெரிந்ததும் அந்த இருவரும் வேறு எதையும் பார்க்காமல் தங்கள் ஆளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்குப் போய்விட வேண்டும். எனக்கு மாப்பிள்ளையும் எதிர்வீட்டு லோடு வண்டி டிரைவரும்.

வெள்ளம் வருவதை ஊருக்கு எப்படித் தெரிவிப்பது என்று பேச்சு வந்தது. பள்ளிக்கூட மணியை அடிக்கலாமே என்றார் ஓர் அதிகாரி.

“அந்த மணி பிள்ளைகளுக்கே கேக்காது சார்,” என்றார் மாப்பிள்ளை. “வேட்டுப் போட்டாப் போச்சு. விட்டு விட்டு மூணு வேட்டு. நம்மகிட்ட இல்லாத வேட்டா?”

எல்லோரும் கைதட்டினோம். எங்களுக்குக் கல்யாணத்துக்கும் வேட்டு, சாவுக்கும் வேட்டு, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போனால் அதற்கும் வேட்டு. ஊர் உலகத்துக்கெல்லாம் வெடி செய்து அனுப்புகிறவர்கள் மணி அடிப்பதா என்று ஒரு பெருமை. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் வெடிவிபத்து பார்க்காத வீடு ஒன்றுகூடக் கிடையாது. வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் கால்கள் எந்தப் பக்கம் ஓடும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஒத்திகையை ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். கம்பெனிகள் லீவு. வேட்டு எப்போது வெடிக்கும் என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். மாப்பிள்ளையும் டிரைவரும் நாற்காலியோடு என்னைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். “மச்சான், சோத்தக் கொஞ்சம் கொறைங்க. சப்பரம் தூக்குற மாதிரில்ல இருக்கு!” என்றார் மாப்பிள்ளை. நான் சாமி மாதிரி கையைத் தூக்கி ஊருக்கு ஆசி கொடுத்தேன். விபத்துக்குப் பிறகு நான் அவ்வளவு சிரித்த நாள் அதுதான்.

வெள்ளம் வந்த அன்று எங்கள் ஊரில் தூறல்கூட இல்லை. நல்ல வெயில். மழை பெய்தது மேற்கே மலையில். தண்ணீர் வருகிறது என்று ஊர்த் தலைவருக்குப் போன் வந்திருக்கிறது. சொல்லி வைத்தபடி அவர் வேட்டுப் போட்டார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த மாப்பிள்ளை முதல் வேட்டுக்கே எழுந்துவிட்டார். வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். பளீரென்று வெயில். “மச்சான், கம்பெனிலதான்!” என்று சொல்லிவிட்டுப் பாலத்தைப் பார்த்து ஓடினார். தெருவே அலறிக்கொண்டு ஓடியது. எதிர்வீட்டு டிரைவரும் ஓடினார். அவர் மகளும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். என் நெஞ்சும் தங்கையை நினைத்துத்தான் அடித்துக்கொண்டது.

இரண்டாவது வேட்டு கேட்டது. கொஞ்சம் விட்டு மூன்றாவது. விபத்தில் அப்படி விட்டு விட்டு வெடிக்காது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. “மாப்ள, அது நம்ம வேட்டு! தண்ணி வருது மாப்ள!” என்று கத்தினேன். ஓடுகிறவர்கள் வேட்டை எண்ணிக்கொண்டா ஓடுவார்கள்? தெருவில் கேட்பதற்கு ஆள் இல்லை.

பாலத்தில் நடந்ததைத் தங்கைதான் பிறகு சொன்னாள். கம்பெனிக்குள் இருந்தவர்களுக்குத் தங்கள் ஷெட் நன்றாக இருப்பது கண்ணுக்கே தெரிந்தது. அதனால் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அண்ணனைத் தூக்க ஆள் வேண்டுமே என்று அவளும் ஊரைப் பார்த்து ஓடி வந்திருக்கிறாள். அவள் அந்தக் கரைக்கு வந்தபோது பாலத்தின் மேல் செம்மண் தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது. இந்தக் கரையில் ஊரே தயங்கி நின்றது. மாப்பிள்ளை மட்டும் பாதிப் பாலத்துக்கு வந்துவிட்டார்.

“என்னையப் பாத்துட்டாருண்ணே,” என்றாள். “பாத்ததும் திரும்பிப் போயிருவாருன்னு நெனச்சேன். இன்னும் வேகமால்ல வந்தாரு.”

உயிரோடு நிற்கிறாள் என்று தெரிந்த பிறகும் ஏன் வந்தீர்கள் மாப்பிள்ளை? எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். பதில் எனக்கே தெரியும். அந்த இடத்தில் எவனும் அப்படித்தான் செய்வான்.

டிரைவர் திரும்பி வந்தபோது தண்ணீர் கட்டில் காலைத் தொட்டிருந்தது. ஒற்றை ஆளாக என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறினார். “மாப்ள எங்கப்பா?” என்று கேட்டேன். அவர் முதுகு குலுங்கியது. ஓட முடியாதவர்கள் அத்தனை பேரும் அன்று தப்பித்தோம். கால் நன்றாக இருந்தவர்தான் போனார்.

தண்ணீர் வடிந்த பிறகு கீழே கருவேலங்காட்டில் அவரைக் கண்டெடுத்தார்கள். சாவு ஊர்வலத்தில் வேட்டு வேண்டாம் என்று தங்கை சொல்லிவிட்டாள். எங்கள் ஊரில் வேட்டுச் சத்தம் இல்லாமல் போன பிணம் அது ஒன்றுதான்.

இப்போது மணிதான். பள்ளிக்கூடத்து மாடியில் பெரிய மணியாக வாங்கி மாட்டியிருக்கிறார்கள். என் நாற்காலிக்கு மாப்பிள்ளை இடத்தில் வேறு ஆளைப் போடப் பார்த்தார்கள். தங்கை விடவில்லை.

போன ஒத்திகையை வேலை நாளில் வைத்தார்கள். அவள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். மணி அடித்தது. எதிர்வீட்டு டிரைவர் வந்து ஒரு பக்கம் பிடித்தார். தங்கை மட்டும் வாசலில் நின்று பாலத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னத்தா பாக்க?” என்றேன்.

“யாரும் ஓடுறாகளான்னு பாத்தேண்ணே,” என்றாள். பிறகு வந்து முன்பு மாப்பிள்ளை பிடித்த பக்கத்தைப் பிடித்தாள்.