முன்னால் நின்ற ரயில்

குன்னூர் மலை ரயிலில் இருபது வருஷம் பிரேக் பிடித்த மருதாசலம், பிறகு தேயிலைத் தோட்டத்துத் துரையின் பொம்மை ரயிலுக்கு டிரைவரானார். பங்களாப் பூந்தோட்டத்தைச் சுற்றி வட்டமாகத் தண்டவாளம். துரைக்கோ நீளமான ரயில் என்றால் உயிர். முந்நூறு பெட்டிக்கு மேல் அவரே எண்ணுவதை விட்டுவிட்டார்.

விருந்தாளிகள் வந்த அன்று, ரயில் நின்றால் வேலை போய்விடும் என்று துரை எச்சரித்திருந்தார். மருதாசலம் எஞ்சினோடு குனிந்தபடி நடந்தார். மூடுபனி விலகியதும் நாலு முழம் முன்னால் ஒரு பெட்டி! முன்னால் வண்டி போனால் நெருங்கக் கூடாது என்பது ரயில்வே சட்டம். நிறுத்தினார். அந்த வண்டியும் அதே கணம் நின்றது.

தேநீர் கொண்டுவந்த மனைவி மருதாம்பாள் பதறினாள். "ஏனுங்க, நின்னுட்டீங்க?"

"முன்னால ஒருத்தன் மறிச்சு நிக்கறான் புள்ள."

"அவன் ஏனுங்க நிக்கறான்?"

"அவனுக்கு முன்னால எவன் நிக்கறானோ!"

ஓடிவந்த துரையும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். தன் தண்டவாளத்தில் வேறு யாருடைய ரயில்?

மருதாம்பாள் மறித்து நின்ற பெட்டியில் தொடங்கி, ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே தோட்டத்தைச் சுற்றினாள். கடைசியில் வந்து சேர்ந்தது புருஷனின் எஞ்சினில். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வழிமறித்த வண்டியில் ஐந்து பெட்டிகளைக் கழற்றிப் புல்லில் வைத்தாள்.

"அந்த ஆளு வழி விட்டுட்டாருங்க. போங்க."

ரயில் கிளம்பியது. மோதலைத் தவிர்த்த மருதாசலத்தின் கையைத் துரை குலுக்கி, வேலையை நிரந்தரமாக்கினார். அந்த இன்னொரு டிரைவர் யாரென்றுதான் இருவருக்கும் கடைசிவரை விளங்கவில்லை.