அத்திபெலேயிலிருந்து அழைத்து வந்த குழந்தைகள்

என் மகள் போய்வந்த ஓசூர் பால்வாடிக்குச் சட்டமன்றக் குழு வரப்போவதாகச் சொன்னார்கள். சபை ஒதுக்கும் பணம் சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பார்களாம். அங்கே பதினான்கு குழந்தைகள்தான் இருந்தார்கள். ஆள் குறைவென்று மூடிவிட்டால் நானும் மனைவியும் எப்படி வேலைக்குப் போவது?

பயத்தில், கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திபெலேயில் இருக்கும் நண்பர் வீட்டுப் பக்கத்திலிருந்து ஆறு குழந்தைகளை, அவர்கள் வீட்டில் கேட்டுக்கொண்டு, பஸ்ஸில் அழைத்து வந்தேன். புதிதாகச் சேர வந்தவர்கள் என்று டீச்சரிடம் சொன்னேன். எங்கள் குழந்தைகளிலும் பாதிப் பேர் கன்னடம் பேசுகிறவர்கள், யாருக்குத் தெரியப்போகிறது?

குழுவில் வந்த எம்.எல்.ஏ. அம்மா ஒரு சிறுமியிடம் கன்னடத்திலேயே ஊர் கேட்டார்.

"அத்திபெலே," என்றாள் அவள்.

அவர் டீச்சரைப் பார்த்தார். "கர்நாடகா புள்ளைக்கு நம்ம சட்டசபை எப்பம்மா பணம் ஒதுக்குச்சு?"

டீச்சரின் முகம் வெளுத்தது. நழுவிவிடலாமா என்று நான் ஒரு கணம் வாசலைப் பார்த்தேன். பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"டீச்சருக்குத் தெரியாதுங்க. நான்தான் கூட்டிட்டு வந்தேன். மூடிருவீங்கன்னு பயம்."

"ஆளு கொறஞ்சதுக்கு மூட மாட்டோம்ப்பா. பொய்க் கணக்கு காட்டுனாத்தான் பணத்தை நிறுத்தச் சொல்லுவோம்," என்றவர் சிரித்துவிட்டார். "ஸ்டேட் தாண்டி ஆள் புடிச்சியே, உன் தெருவுல கதவைத் தட்டுனியா?"

தட்டவில்லை. அத்திபெலே விருந்தாளிகளுக்கும் சத்துமாவு உருண்டை கொடுத்து அனுப்பச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு டீச்சரும் நானும் வீடு வீடாகப் போய் ஒன்பது குழந்தைகளைச் சேர்த்தோம். ஒவ்வொரு வாசலிலும், "நீங்க தமிழ்நாடுதானே?" என்று கேட்டுவிட்டு டீச்சர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அன்று நான் ஒரு கணம் தயங்கியதை மட்டும் அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.