வெள்ளை விரிப்பில் பீட்சா

பட்டுப் புடவை விற்கிறவனுக்கு முதலில் போவது முழங்கால், அடுத்தது பொறுமை. எனக்கு இரண்டும் போய்விட்டது. காஞ்சிபுரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது புரியாது. கடையில் புடவை பிரித்துப் போடுகிறவர்களே, உங்களுக்குப் புரியும்.

அரக்கு

அக்கா தங்கைகள் மூன்று பேர் வந்தார்கள். விரிப்பில் உட்கார்ந்ததும் பேச்சு ஆரம்பம். புடவையைப் பற்றி இல்லை. எந்த ஊர் பீட்சா நல்ல பீட்சா என்று. ஒருத்தி மும்பை என்கிறாள், ஒருத்தி கோயம்புத்தூர் என்கிறாள். நான் பிரிக்கிறேன், மடிக்கிறேன், பிரிக்கிறேன். ஒருத்தியும் குனிந்து பார்க்கவில்லை.

கடைசியில் நல்ல அரக்குப் புடவை ஒன்றை என் தோளிலேயே போட்டுக் காட்டினேன். மும்பைக்காரி முகம் மலர்ந்தது. அப்பாடா என்றிருந்தது.

"இதேதான்டி! அந்தக் கடை சாஸ் அப்படியே இந்தக் கலர்தான்!"

ஊத்தப்பம்

அடுத்தது கல்யாண ஜோடி. பையன் கார்த்திக், சென்னை. பெண் நித்யா, பெங்களூரில் வேலை. கூடவே பையனின் அம்மா. முகூர்த்தப் புடவை அவர்கள் வீட்டுச் செலவு. ராகுகாலம் முடியும்வரை அந்தம்மா காரைவிட்டே இறங்கவில்லை. நித்யா அவரைப் பார்த்துப் பார்த்துத்தான் வாயைத் திறந்தாள்.

முந்தானையில் இரட்டை அன்னம் கேட்டாள். தறியில் புதிதாக ஏற்ற வேண்டும், கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் கைக்கு வரும் என்றேன். சரி என்றார்கள். அம்மா பில் போடப் போனதும் இரண்டுக்கும் சண்டை. பெங்களூரில் விறகு அடுப்பில் சுடுகிறார்கள் என்றாள் இவள். பெசன்ட் நகர் பீட்சா பக்கத்தில் நிற்காது என்றான் அவன். "மெட்ராஸ்ல எங்க பீட்சா இருக்கு? அது சீஸ் போட்ட ஊத்தப்பம்" என்றாள். பையன் முகம் செத்துவிட்டது. பார்டருக்குச் சண்டை பார்த்திருக்கிறேன். இதற்கா?

என்னோடு வேலை செய்யும் ஓரிக்கை மாணிக்கம் காதைக் கடித்தான்: "இன்னாண்ணே, ஊத்தப்பத்தால கல்யாணமே நின்னுடும் போலக்குதே!"

டப்பா

புடவை வந்தது. வாங்கிப்போக வந்தார்கள். அம்மா மீதிப் பணம் கட்டப் போனார். விரித்துக் காட்டினேன். நித்யா தொடக்கூட இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கார்த்திக் கையில் சதுரமாக ஓர் அட்டைப் பெட்டி. ஸ்வீட் என்று நினைத்தேன். புடவை பக்கத்திலேயே உட்கார்ந்து திறந்தான். பீட்சா! டிபன் சாப்பிட்டுவிட்டு வந்தால் நாங்களே கையை இரண்டு தடவை கழுவுகிற இடம் அது.

"பெசன்ட் நகர்லேர்ந்து வாங்கினு வந்தேன். ஆறிப்போச்சு, பரவால்ல. ஒரே ஒரு கடி. அப்புறம் சொல்லு ஊத்தப்பம்னு."

"எடுப்பா அதை!" என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. கார்த்திக் திடுக்கிட்டுத் திரும்பினான். கையிலிருந்த துண்டு நழுவியது. புடவையின் ஓர மூலையில் விழுந்தது. எண்ணெய். சாஸ். பட்டில்.

கல்யாணம் அடுத்த வாரம். இன்னொன்று நெய்ய நேரமில்லை. முகூர்த்தப் புடவையில் கறை. ராகுகாலத்துக்கே காரைவிட்டு இறங்காத மாமியார். நித்யா பில் போடும் பக்கம் பார்த்தாள்.

"கார்த்திக்... உங்கம்மா வர்றாங்க."

மஞ்சள்

அந்தம்மா குனிந்து கறையைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். "சாயக்காரரிடம் கொடுத்துப் பார்க்கலாம்மா" என்றேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

புதுப் புடவை மூலையில் மஞ்சள் வைப்பது வழக்கம். கல்யாணக்காரர்களுக்காகக் கடையிலேயே தட்டு இருக்கும். அதை வாங்கினார். மஞ்சளைத் தண்ணீரில் குழைத்தார். கறையின் மேலேயே வைத்து விரலால் தேய்த்தார். கறை மஞ்சளுக்குள் போய்விட்டது. நித்யா அழுதேவிட்டாள்.

அதோடு விட்டாரா? விரிப்பைவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார். டப்பாவை இழுத்தார். ஒரு துண்டை எடுத்து நிதானமாக மென்றார்.

"மஞ்சள் வெச்சாச்சு, இனிமே யாரும் கறைன்னு சொல்லக் கூடாது. ஆனா அன்னிக்கு நித்யா சொன்னது என் காதுல விழுந்துச்சு, அது சரிதான்டா, இது ஊத்தப்பம்தான்."

செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் இப்போது பீட்சா டப்பா வைக்கவும் ஒரு பலகை போட்டிருக்கிறோம். இந்தத் தொழிலைப் பற்றி இதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.