என் லுங்கியைக் கட்டிக்கொண்ட கதாநாயகன்

குன்னத்தில் பருத்தி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் அவன் படம் எடுத்திருக்கிற சேதி எனக்குத் தெரிந்தது. டீக்கடையில் கிடந்த பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது நேரம் பிடிக்கும். நாடகக் கம்பெனியில் தான் பட்ட பாட்டையெல்லாம் பாட்டும் ஆட்டமுமாகப் படமாக்கி, தானே கதாநாயகனாக நடித்திருப்பதாகவும், எல்லாமே தன் சொந்தக் கதை என்றும் சொல்லியிருந்தான். போட்டோவில் வெள்ளைச் சட்டை, கூலிங்கிளாஸ். என் டீ ஆறிப்போனது.

அவனும் நானும் ஒரே கம்பெனியில் மூன்று வருஷம் இருந்தோம். ஒரே பாயில் படுத்தோம். அவன் ராஜா வேஷம் கட்டுவான். உயரம், நிறம், மூக்கு எல்லாம் இருந்தது, குரல் கிடையாது. நான் சின்னச் சின்ன வேஷங்களில் பாடிக்கொண்டிருந்தேன். ஒருமுறை மேடை சரிந்து முன்பல் இரண்டும் போயின. முகத்தில் ஏற்கெனவே அம்மைத் தழும்பு. இனி மேடைக்கு ஆகமாட்டான் என்று முதலாளி ஒரு ஏற்பாடு செய்தார். பக்கப் படுதாவுக்குப் பின்னால் நின்று நான் பாடுவேன். மேடையில் அவன் வாயசைப்பான்.

சனங்கள் அவனுக்குக் கைதட்டினார்கள். படுதாவின் ஓட்டை வழியாக அதைப் பார்த்தபடி அடுத்த அடியைப் பாடுவேன். வயிறு எரியும். பாட்டில் குறை வைத்ததில்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். சனம் "ஒன்ஸ்மோர்" கேட்டால், பாடினவன் மேடை முன்னால் வந்து கைகூப்பிவிட்டுத்தான் மறுபடி பாட வேண்டும். பல் இருந்த காலத்தில் எனக்கும் அது பழகியிருந்தது.

திருமானூர் பக்கம் ஒரு திருவிழா. அன்றைக்குக் குரல் எப்படியோ அமைந்துவிட்டது. ஒன்ஸ்மோர் சத்தம் கொட்டகையைத் தூக்கியது. நான் வேறெதுவும் நினைக்கவில்லை. படுதாவை விலக்கிக்கொண்டு நேரே நடுமேடைக்குப் போய்க் கைகூப்பி நின்றேன். கிழிந்த லுங்கி, பனியன். பக்கத்தில் ராஜா, கிரீடத்தோடு, திறந்த வாயை மூடாமல்.

முன்வரிசையிலிருந்து ஒருத்தர், "யார்றா இவன், ராஜாவோட தொண்டையா?" என்றார். கொட்டகையே சிரித்தது. மண்ணாங்கட்டிகள் வந்து விழுந்தன.

உள்ளே இழுத்துப்போய் அவன் கேட்டான். "ஏன் மாப்ள வெளிய வந்த?"

"கூப்பிட்டாங்க, வந்துட்டேன்."

"உன்னையா கூப்பிட்டாங்க?"

என்னைத்தான். மறுநாள் காலையில் முதலாளி என் பெட்டியை வெளியே வைத்தார். பஸ் ஏற்றிவிடக்கூட அவன் வரவில்லை. அதன்பிறகு கரும்பு வெட்டினேன், லாரியில் கிளீனராகப் போனேன், மூட்டை தூக்கினேன். எங்கேயும் ஆறு மாசம் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை.

படம் அரியலூருக்கு வந்ததும் வேலையைப் போட்டுவிட்டு மேட்னி ஷோவுக்குப் போனேன். என்னை எப்படிக் காட்டியிருக்கிறான் என்று பார்க்க வேண்டும். கேலியாகவாவது காட்டியிருப்பான், அதுவே போதும் என்றிருந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. ராஜா வேஷத்தில் யாரோ ஒரு குடிகாரன். படுதாவுக்குப் பின்னால் நின்று பாடியது என் பழைய கூட்டாளி! இடது காதைப் பொத்திக்கொண்டு பாடுவது என் பழக்கம், அதையும் எடுத்துக்கொண்டிருந்தான். ஒன்ஸ்மோர் கேட்டதும் லுங்கி பனியனோடு வெளியே வந்து கைகூப்பினான். லுங்கி மட்டும் புதுசு. படத்துச் சனம் மண்ணாங்கட்டி எறியவில்லை. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. அத்தனை வருஷத்தில் என்னுடையது என்று இருந்தது அந்த ஓர் அவமானம்தான். அதையும் மாலையாகப் போட்டுக்கொண்டான்.

ஒரு ஆறுதல். இப்போதும் பாடியது அவனில்லை. யாரோ பாட, வாயசைத்தான்.

பக்கத்து ஆளிடம் சொன்னேன். "அண்ணே, அது நான்தாங்க. திருமானூர்ல நடந்தது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படிங்களா? அந்தக் கதாநாயகி எங்க சித்தப்பா பொண்ணுதான். பேசாம படத்தப் பாருங்க."

பாட்டு முடிந்தது. தியேட்டர் முழுக்க விசில். "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" அப்படிக் கத்தினால் ஆபரேட்டர் அந்த ரீலை மறுபடி ஓட்டுவதுண்டு. விளக்கைப் போட்டுவிட்டு ரீலைச் சுற்ற ஆரம்பித்தார்கள். சத்தம் அடங்கவில்லை. பார்த்தால், நான் எழுந்து நிற்கிறேன். கை கூப்பியிருக்கிறது.

"யோவ், உக்காருய்யா! யாருக்குய்யா கும்புடு போடற?" பாதி முறுக்கு ஒன்று முதுகில் வந்து விழுந்தது. விளக்கு அணைந்தது. "மறைக்குதுய்யா!" என்று இன்னொரு குரல்.

பாட்டு மறுபடி தொடங்கிய பிறகுதான் உட்கார்ந்தேன்.