கயிறு பிடித்த பங்கு

கல்குடாக் கரையில் வாடகைத் தோணி தயாராக நிற்கிறது. தோணிக்காரர்தான் அசைய மறுக்கிறார். எதிரே தெரியும் சின்னத் தீவில் ஓலைக் குடிசையாக வாடி அடித்துத் தங்கியிருக்கும் மீன்பிடிக் குடும்பங்கள் மலேரியாக் காய்ச்சலில் கிடக்கின்றன. ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் என்னிடம் அவர்களுக்கான கொயினா மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலையைக் கடலில் வளைத்துப் போட்டிருக்கிறார்கள். வலை கரையேறும்வரை அதன் முன்னால் எந்தத் தோணியும் இறங்கக் கூடாது என்பது இங்கே சட்டம்.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போகிறேன்.

“தோணி போனா மீன் கலைஞ்சிரும், தம்பி. முப்பது வீட்டுச் சோறு அது. கொஞ்சம் இரிங்க.”

இருக்க என்னால் முடியாது. சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, கயிறு இழுக்கும் வரிசையில் கடைசி ஆளாகச் சேர்ந்துகொள்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஈரக் கயிறு உள்ளங்கைத் தோலை உரிக்கிறது. குதிகாலை மணலில் ஊன்றி, அவர்கள் ‘ஏலேலோ’ போடும்போதெல்லாம் இழுக்கிறேன். சிரிப்பு மெல்ல நின்றுபோகிறது.

வெயில் உச்சிக்கு வரும்போது வலையின் மடி கரையேறுகிறது. உள்ளே சூடை மீன் துள்ளுகிறது. சம்மாட்டி ஒரு கூடை நிறைய அள்ளி என் முன்னால் வைக்கிறார்.

“இதென்ன?”

“கயிறு புடிச்ச ஆருக்கும் பங்கு இருக்கு, தம்பி. அது எங்கட வழக்கம்.”

“எனக்கு மீன் வேணாம். என்ட பங்குக்குத் துடுப்புப் போட ரெண்டு பேரைத் தாங்க. போன நேரத்தைப் பிடிக்கோணும்.”

அவர் என் கைகளைப் பார்க்கிறார். பிறகு சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தோணியை நோக்கி நடக்கிறார்.

“ஒராள் நான்,” என்கிறார்.