வலி கேட்டு வேண்டினேன்

வலியைத் தீர்க்கச் சொல்லித்தான் எல்லோரும் அம்மனிடம் வருவார்கள். நான் வலி வேண்டும் என்று அழுதவள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி எங்கள் குப்பம். என் வீட்டுக்காரர் ஏழுமலை கட்டுமரத்தில் போவார். நான் மீனைக் கூடையில் சுமந்து விற்பேன். மகள் தேவி அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் மீன் வறுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் வலையோடு உட்கார்ந்திருந்த அவர், நாற்றம் பிடித்து ஓடிவந்து என் இடது கையை இழுத்தார்.

"இன்னாமே, கை கருகிகினு கீது, தெரியலியா ஒனக்கு?"

தெரியவில்லை. சுண்டுவிரல் பக்கம் சட்டி விளிம்பில் பட்டுத் தோல் வெந்திருந்தது.

மாமல்லபுரத்தில் டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் கையைத் தொட்டு, "எங்க தொடறேன், சொல்லும்மா" என்றார். அவர் தொட்டுக்கொண்டிருப்பது தெரியாமல், எப்போது தொடுவார் என்று நான் காத்திருந்தேன். முதுகிலிருந்த தேமலையும் பார்த்தார். தொழுநோய் என்றார். மாத்திரையில் தீர்ந்துவிடும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். என் காதில் அந்த முதல் வார்த்தைதான் விழுந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். முதல் நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. ரத்தம் என்று நினைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருந்தின் நிறம் என்று பிறகுதான் சொன்னார்கள். மாதங்கள் போகப் போக உடம்பு கறுத்தது. தோல் கருவாடு மாதிரி வறண்டு செதில் விட்டது. நோய் முதுகில் மறைந்திருந்தது. மருந்து முகத்தில் ஏறி ஊருக்கே சொல்லிவிட்டது. என்னிடம் வாங்கியவர்கள் பக்கத்துக் கூடைக்குப் போனார்கள். தேவியைத் தூக்குவதை நானே நிறுத்தினேன். அவள் கையை நீட்டுவாள். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

"ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டரு சொன்னாரில்ல, தூக்குமே" என்பார் அவர்.

"டாக்டரு பெத்தாரா அவள?" என்பேன்.

அப்புறம் முழங்கை நரம்பு வீங்கியது. விரல்கள் மடங்க ஆரம்பித்தன. செங்கல்பட்டில் தங்கியே பார்க்க வேண்டும் என்றார்கள். பஸ் ஏறும் முன் கரையிலிருக்கும் செல்லியம்மன் முன்னால் போய் நின்றேன். "தாயே, கறுப்பாவே இருந்துட்டுப் போறேன். இந்தக் கைக்கு வலியக் குடு. சுட்டா சுடணும், குத்துனா குத்தணும். அது போதும்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை முகத்தைப் பூசணிக்காய் ஆக்கியது. ஓயாத பசி. தூக்கமில்லை. காரணமில்லாமல் அழுகை வரும். கடலுக்குள் நடந்து போய்விடலாமா என்றுகூட மனம் போயிற்று. அதுவும் மாத்திரை செய்கிற வேலைதான், பொறுத்துக்கொள் என்றார் நர்சம்மா. அதைக் கேட்ட பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆனால் இன்றைக்கும் அந்த வார்டை நினைத்தால் நெஞ்சு இனிக்கிறது. வேப்பமரக் காற்று. காலையில் உருக்கிய மெழுகில் கையை முக்குவார்கள். பிறகு எண்ணெய் தடவி விரல்களை நீவிவிட வேண்டும். பக்கத்துக் கட்டிலில் பத்மா. சிங்கப்பெருமாள் கோயில் ஊர்க்காரி, ஆபீசில் டைப்பிஸ்ட். பம்பாயில் அக்கா வீட்டில் இருப்பதாக அவள் வீட்டில் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். என் விரல்களை அவள் நீவுவாள், அவள் விரல்களை நான். அவள் நரசிம்மரைக் கூப்பிடுவாள், நான் செல்லியம்மனை.

"ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணட்டும். நாம காபி குடிக்கலாம், வா" என்பாள். எங்கள் தெருக்களில் நாங்கள் ஒருத்தியை ஒருத்தி தொட்டிருக்கவே மாட்டோம். அங்கே யாரும் யாரையும் விட்டு நகர்ந்து உட்காரவில்லை.

விரல்கள் ஓரளவு நிமிர்ந்தன. உணர்ச்சி மட்டும் வரவில்லை. ஊர் திரும்பினேன். தினமும் கையைத் திருப்பித் திருப்பிக் காயம் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அதே வேண்டுதல்.

தொண்ணூற்று ஐந்து, பொங்கல் முடிந்த வாரம். கரையில் வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தேன். கெளுத்தி ஒன்று துள்ளி, அதன் முள் இடது உள்ளங்கையோரம் இறங்கி ஒடிந்தது. நெருப்பு வைத்த மாதிரி தோள் வரைக்கும் ஏறியது. மணலில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் கொட்டுகிறது, நான் சிரிக்கிறேன். பக்கத்திலிருந்த முனியம்மா அக்கா பயந்துபோனாள்.

"இன்னாடி ஆச்சு ஒனக்கு?"

"வலிக்குதுக்கா."

கட்டுமரத்தைக் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் கையைப் பிடித்தபடி ஓடினேன். "யோவ், வலிக்குதுய்யா." அவர் முள்ளைப் பிடுங்கிவிட்டு, அந்தக் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். தாடி குத்தியது. அதுவும் தெரிந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் தேவியைத் தூக்கினேன். அவள் இறங்கவேயில்லை.

மாத்திரை முடிந்து மெல்ல மெல்லப் பழைய நிறமும் வந்தது. சுண்டுவிரல் மட்டும் இன்னும் நிமிரவில்லை. அதையும் கேட்டேன், அம்மா கொடுக்கவில்லை. எனக்கு அவளிடம் மனத்தாங்கல் கிடையாது. தேவி இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். பத்மா வருஷம் தவறாமல் ஆடிக்கு வருகிறாள். பம்பாய்க் கதையெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

உடம்பில் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் மறைக்காதீர்கள். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தும் அம்மன் கொடுத்ததுதான். மனம் தாங்கவில்லையென்றால் எங்கள் கரைக்கு வாருங்கள், அவளிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ஆடி வெள்ளியில் அவள் வாசலில் கூழ் ஊற்றுவது நான்தான். வரிசை அலை தொடும் இடம் வரை நிற்கும்.